அம்மனுக்குக் கீழே ஓடிய நிபந்தனைகள்

எங்கள் பக்கத்தில் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால், கொடுத்தவர் பெயரையும் ஊரையும் அந்த டியூப் லைட்டின் மேலேயே எழுதிவிடுவார்கள். பெயர் நீளமாக இருந்து, அதோடு தகப்பனார் பெயரும் கடைப் பெயரும் சேர்ந்துகொண்டால், வெளிச்சம் வருவதற்கு இடமே இருக்காது. மின்விசிறி என்றால் இறக்கையில் எழுதுவார்கள். அண்டா என்றால் கழுத்தில், சர்ச் பெஞ்சு என்றால் முதுகில். இதை நான் பல வருடங்கள் கிண்டல் செய்திருக்கிறேன். என் பெயரும் ஒருநாள் அப்படி எரியப் போகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அவரையும் சேர்த்துக் கிண்டல் செய்திருப்பேன்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவள். முன்பு பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருந்தேன். இப்போது அதே வேலையைத் திண்டுக்கல் பக்கம் அகரத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து பார்க்கிறேன். கம்பெனிக்காக எழுதுவது கம்பெனிக்குச் சொந்தம். அது என்ன செய்கிறது என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாதென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் கணவரும் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்காக எழுதுவது வேறு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, அடுப்பில் கறி வேகிற நேரத்தில் எழுதுவது. இந்த விளக்கு மென்பொருள் அப்படிப் பிறந்ததுதான்.

செம்பட்டியில் சீரியல் செட் போடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். திருவிழாவில் சாலையோரம் தென்னை உயரத்துக்குப் பலகைகள் நிற்குமே, அம்மனும் மாதாவும் மயிலும் கலர் கலராக எரியுமே, அதுதான் அவர் தொழில். முன்பெல்லாம் குண்டு பல்புகளை அணைத்து அணைத்து ஏற்ற ஒரு உருளையைச் சுற்றவிட்டால் போதும். இப்போது பலகையில் இருக்கும் ஒவ்வொரு பொட்டு விளக்குக்கும் தனித்தனியாக நிறம் சொல்லியாக வேண்டும். அதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். எங்கள் பங்குத் திருவிழாவுக்கு அவர் வந்திருந்தபோது, சர்ச்சுக்குப் பின்னால் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். திரை முழுக்கச் சீன எழுத்து. எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பதை அவர் இடத்தை வைத்து மனப்பாடம் செய்திருந்தார்.

"புது வெர்சன்ல பொத்தானையெல்லாம் எடம் மாத்திப்புட்டாய்ங்க தங்கச்சி" என்றார். அந்தப் பக்கம் மாதாவின் நீல அங்கி கிளிப்பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

எனக்குப் பொதுவாகவே மூக்குக்கு மேல் கோபம் வரும். மட்டமான மென்பொருளைப் பார்த்தால் இன்னும் சீக்கிரமாக வரும். அன்றைக்கே ஆரம்பித்து, சில மாதங்களில் நானே ஒன்றை எழுதி முடித்தேன். பொத்தான்கள் எல்லாம் தமிழில். தாளில் வரைந்த படத்தைப் போட்டோ எடுத்து உள்ளே போட்டால், அதைப் பலகைக்கு ஏற்றபடி விளக்குப் புள்ளிகளாக மாற்றித் தரும். முதன்முதலாக அதில் போட்டுப் பார்ப்பதற்கு அண்ணன் சார்ட் தாள்களில் ஒரு மயிலைக் கட்டம் கட்டமாக வரைந்து கொண்டுவந்தார். தோகையை விரிக்கும்போது ஓரத்தில் ஒரே ஒரு இறகு மட்டும் செத்த நேரம் கழித்து, சோம்பலாக எழும். தப்பா என்று கேட்டதற்கு, இல்லை, எல்லாம் ஒன்றாக எழுந்தால் விசிறி மாதிரி இருக்கிறது என்றார். எனக்கு அந்தச் சோம்பேறி இறகின் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. அவரைக் கேட்டு அந்த மயிலையே மென்பொருளுக்குள் மாதிரிப் படமாக வைத்தேன்.

அந்தக் காலத்தில் எனக்குப் பதிப்புரிமை என்ற சொல்லே ஆகாது. அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள் மற்றவர் கையைக் கட்டிப்போடக் கண்டுபிடித்தது என்று சாப்பாட்டு மேசையில் பிரசங்கம் செய்வேன். என் நாத்தனார் திண்டுக்கல் கோர்ட்டில் வக்கீல். நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று மட்டும் கேட்பாள். நான் என் மென்பொருளை ஊருக்கே திறந்துவிடுவதென்று முடிவு செய்து, அதன் தலைப்பில் நல்ல தமிழில் நிபந்தனைகளை எழுதி வைத்தேன். பதிப்புரிமை, என் பெயர், அகரம், வருடம். இதை யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கிறவர், உள்ளே எழுதியிருக்கும் மூல நிரலையும் இதே நிபந்தனைகளோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் இந்த அறிவிப்பு இருக்க வேண்டும், நீக்கக் கூடாது. கடைசியாக, எல்லா மென்பொருளிலும் இருக்கிற வழக்கமான வரி: இதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது, விளைவுகளுக்கு யாரும் பொறுப்பல்ல.

அண்ணன் பென் டிரைவை வாங்கிக்கொண்டு போனார். அடுத்து செம்பட்டிக்குப் பக்கத்து ஊரில் மாரியம்மன் திருவிழா. என் மென்பொருளில் எரியும் முதல் அம்மன் என்பதால் நானும் கணவரும் பார்க்கப் போயிருந்தோம். பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போட்டார்கள். மயில் தோகை விரித்தது. சோம்பேறி இறகு எழுந்தது. மயில் மறைந்து அம்மன் சிரித்த முகமாக வந்தாள். அப்போது அம்மனின் காலடியில், சிவப்பு எழுத்தில், வலமிருந்து இடமாக ஏதோ ஓட ஆரம்பித்தது. பதிப்புரிமை, என் பெயர், அகரம். பிறகு ஒவ்வொரு நிபந்தனையாக, நிதானமாக, ஊரே படிக்கிற வேகத்தில் ஓடியது. கடைசியாக அம்மன் கையை உயர்த்தி ஆசீர்வதிக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தது: எந்த உத்தரவாதமும் கிடையாது, விளைவுகளுக்கு யாரும் பொறுப்பல்ல.

என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் பஞ்சுமிட்டாய் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கூட்டத்தில் ஆளாளுக்கு போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். விழாக் கமிட்டித் தலைவர், வெள்ளை மீசை வைத்த விவசாயி, விறுவிறுவென்று அண்ணனிடம் வந்தார். பொங்கல் வைத்து, தீச்சட்டி எடுத்து, இத்தனையும் செய்த பிறகு ஆத்தா இப்படிக் கையை விரித்தால் எப்படி என்று கேட்டார். கிறிஸ்தவப் பெயர் ஒன்று அம்மனுக்குக் கீழே ஓடியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உபயம் என்றால் யார் பெயரும் வரலாம். உத்தரவாதம்தான் பிரச்சினை.

நான் அண்ணனைத் தனியாகக் கூட்டிப்போய், என்ன அண்ணே இது என்றேன். அவர் முகத்தில் குழப்பம்தான் இருந்தது. "நீக்கக் கூடாதுன்னு நீங்கதானே தங்கச்சி எழுதியிருக்கீக? சும்மா குடுத்த பொருளு. பேரு இல்லாம எரிய விட்டா நான் என்ன மனுசன்?"

ஒவ்வொரு பிரதி என்றால் மென்பொருளின் பிரதி, பலகை அல்ல. மயிலும் அம்மனும் நீங்கள் வரைந்தவை, அவற்றில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எவ்வளவோ விளக்கினேன். அதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. டியூப் லைட்டுக்கு ஒரு நியாயம், இதற்கு ஒரு நியாயமா என்பது அவர் கட்சி. பக்கத்தில் நின்ற அவர் மனைவி மட்டும், "ஊர்ல உள்ளவுக பேரையெல்லாம் எரிய விடுவாரு. இவரு பேரத்தேன் ஒரு எடத்துலயும் காணோம்" என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டார்கள். நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. கடைசியில் உரிமைக்காரி என்ற முறையில், அந்த உத்தரவாத வரியை மட்டும் விட்டுவிடலாம் என்று அவருக்கு நான் தனியாக அனுமதி கொடுத்தேன். கமிட்டித் தலைவர் முன்னிலையில், வாய்மொழியாக. அதன் பிறகுதான் அவர் அதை எடுத்தார். மற்ற வரிகள் வருடா வருடம், ஊர் ஊராக ஓடின.

அதற்கு நான் கொடுத்த விலை கொஞ்சமல்ல. ஒட்டன்சத்திரம் ரோட்டிலிருந்து சின்னாளப்பட்டிவரை எல்லா ஊர் வசூல்காரர்களும் ரசீதுப் புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். "ஏனுங்க, அத்தன கோயிலுக்குச் செய்யறீங்க, நம்ம கோயிலுக்குச் செய்ய மாட்டீங்களா?" என்று ஒருவர் மனம் நொந்து கேட்டார். நான் எதையும் செய்யவில்லை, வெறும் மென்பொருள்தான் என்றால் யார் நம்புகிறார்கள்? அவரவர் கண்ணால் பார்த்திருக்கிறார்களே.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த விஷயம் போன வருடம் சிரிப்பாக இல்லாமல் போனது. அண்ணன் ஒருநாள் காலையில் அகரத்துக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். அவர் காபி வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. டவுனில் விளக்குச் சாமான் விற்கும் ஒரு கடைக்காரர், என் மென்பொருளுக்கு வேறு நிறம் பூசி, தன் கடைப் பெயரை வைத்து, சாவி மாதிரி ஒரு சின்னக் கருவியைச் செருகினால்தான் திறக்கும் என்று பூட்டும் போட்டு மற்ற செட்டுக்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார். அதோடு விட்டிருந்தால்கூட எங்களுக்குத் தெரிந்திருக்காது. அண்ணன் அதே மென்பொருளைச் சாவியில்லாமல் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, பூட்டை உடைத்துத் திருட்டுக் காப்பி வைத்திருக்கிறார் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். நகல் ஒன்று மாரியம்மன் கோயில் கமிட்டிக்கும் போயிருந்தது.

கமிட்டி பயந்துவிட்டது. திருவிழாவுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. வம்பு எதற்கு, இந்த வருடம் அந்தக் கடைக்காரர் கைகாட்டும் செட்டையே வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு அடிபட்டது. அந்த ஒரு விழாவைப் பார்த்துத்தான் சுற்றுவட்டாரத்து ஊர்கள் அண்ணனைக் கூப்பிடும். அது போனால் மற்றதும் போகும். ஆனால் அவர் அதைப் பேசவில்லை.

"கோயில் வேலைக்கிப் போற எடத்துல களவாணின்னு சொல்லிப்புட்டாய்ங்க தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடைக்காரர் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

நாத்தனார் சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்ததும் நோட்டீஸைப் படித்தாள். முதலில் எனக்குப் பாடம். "இத்தன வருசம் எந்தச் சட்டம் ஆகாதுன்னீங்களோ, அதுதான் அண்ணி இப்ப உங்க கையில இருக்கு. அது இல்லேன்னா உங்க நிபந்தனை வெறும் வேண்டுகோள். கேட்டா கேக்கலாம், கேக்காட்டிப் போகலாம்."

பிறகு கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே விளக்கினாள். எழுதியவர் எழுதிய நிமிடத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. உழைத்துச் செய்தவருக்குச் சட்டம் ஒரு வேலி போட்டுத் தருகிறது, அவர்கள் மேலும் மேலும் செய்யட்டும் என்று. அந்த வேலி சாசுவதமல்ல. ஆயுளும் அதற்குமேல் ஒரு காலமும் கழிந்தால் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். வேலி நம்முடையது என்பதால்தான் யாரை, என்ன நிபந்தனையில் உள்ளே விடுவது என்பதும் நம் இஷ்டம். அதற்குப் பெயர்தான் உரிமம். கம்பெனிக்காரர் அதை வைத்துப் பூட்டுகிறார், நீங்கள் அதையே வைத்து யாரும் பூட்டக் கூடாது என்கிறீர்கள் என்றாள். கூடவே, நம் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்று சொல்கிறது என்ற தகவலையும் போட்டு உடைத்தாள். அன்றிலிருந்து என் கணவர் என்னைச் சாப்பிடக் கூப்பிடும்போது "எழுத்தாளரம்மா" என்கிறார்.

இதெல்லாம் சரி, நான்தான் எழுதினேன் என்பதற்கு ஆதாரம் என்று அவள் கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. செட்டுக்காரர்கள் இணையதளத்துக்கெல்லாம் போக மாட்டார்கள் என்று எல்லோருக்கும் பென் டிரைவில்தான் கொடுத்திருந்தேன். நான் எழுதிய பழைய லேப்டாப் செத்துப்போய், அதிலிருந்ததெல்லாம் அதோடு போயிற்று. இப்போது என்னிடம் இருப்பது அண்ணனிடமிருந்து திரும்ப வாங்கிய பிரதிதான். இன்று எழுதிவிட்டுப் பழைய தேதி போட்டதாக எவரும் சொல்லலாம். கோர்ட்டில் பிறகு எப்படியாவது நிரூபித்துக்கொள்ளலாம், ஆனால் கமிட்டி ஞாயிற்றுக்கிழமை கூடுகிறதே என்றாள்.

கோயில் மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். கடைக்காரரும் வந்திருந்தார். நல்ல உடுப்பு, நாற்பது வயதுக்குள் இருக்கும். கெட்டவராகத் தெரியவில்லை, அதனால் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. கடை திறந்த வருடத்தில் ஆள் வைத்து எழுதி வாங்கியதாகச் சொன்னார். தன் லேப்டாப்பில் ஓட்டியும் காட்டினார். மாதிரிப் படமாக அதில் ஒரு மயில் இருந்தது. தோகை விரித்தது. ஓரத்தில் ஒரே ஒரு இறகு சோம்பலாக எழுந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து என் கதையைச் சொன்னேன். நிபந்தனைகள், மூல நிரல், உத்தரவாதம் என்று நான் சொல்லிக்கொண்டே போக, கமிட்டித் தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏம்மா, ஆத்தா உத்தரவாதம் கெடையாதுன்னு சொன்ன வருசம் அதானே?"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. யாரும் மறக்கவில்லை. தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தன் போனைத் துழாவினார். அந்த வருடம்தான் அவர் மகள் தீச்சட்டி எடுத்தாளாம். அதனால் அந்த வீடியோவை அழிக்காமல் வைத்திருந்தார். மகள் தீச்சட்டியோடு நடந்து வருகிறாள். அவளுக்குப் பின்னால் அம்மன். அம்மனின் காலடியில் பதிப்புரிமை, என் பெயர், அகரம், வருடம், ஒவ்வொரு நிபந்தனையாக. கடைக்காரர் கடை திறப்பதற்கு முந்தைய திருவிழா அது. கடைக்காரர் திரும்பத் திரும்ப அதைப் பார்த்தார். அதற்குள் நாற்காலிகளில் இருந்த பாதிப் பேர் அவரவர் போனை நீட்டினார்கள். ஊர் சிரிப்பதற்காக எடுத்து வைத்தது எல்லாம் எனக்குச் சாட்சியாக வந்து நின்றது. பல வருடங்களாக எடுத்துத் தொலையுங்கள் அண்ணே என்று நான் நச்சரித்த அந்த எழுத்துகள்.

கடைக்காரர் தன் லேப்டாப்பை மூடினார். எழுதித் தந்த ஆள்தான் இதைத் தன் தலையில் கட்டியதாகவும் தனக்கு ஒன்றும் தெரியாதென்றும் சொன்னார். அது நிஜமாகவே இருக்கலாம். இனிமேல் விற்கவில்லை என்றார்.

தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள் என்றேன். மண்டபத்தில் யாருக்கும் புரியவில்லை. விற்பது தப்பில்லை, பூட்டியதும் பேரை எடுத்ததும்தான் தப்பு. பூட்டைக் கழற்றி, அறிவிப்பைத் திரும்பப் போட்டு, நீங்கள் மாற்றியதையும் திறந்து கொடுத்தால் போதும் என்றேன். பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு ஒரு பேராசையும் இருந்தது. என் மென்பொருளில் வெள்ளை விளக்கு லேசாக நடுங்கும்; எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. சற்றுமுன் அவர் ஓட்டிக் காட்டியதில் அது நடுங்கவில்லை; அந்த ஆள் சரிசெய்திருந்தான். அது எப்படி என்று பார்க்க எனக்குக் கை பரபரத்தது. நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும், அண்ணனிடம் கமிட்டி முன்பாகவே மன்னிப்புக் கேட்பதாகவும் அவர் சொல்லி, கேட்டும் விட்டார்.

எல்லோரும் எழுந்த பிறகு என் நாத்தனார் அண்ணனிடம் போய் அந்த மயிலை யார் வரைந்தது என்று கேட்டாள். நாந்தேன் என்றார். யாராவது காசு கொடுத்து வரையச் சொன்னார்களா என்றாள். இல்லை, சும்மா வரைந்தது என்றார். அப்படியென்றால் அந்த மயில் சட்டப்படி உங்களுடையது, யாரிடமும் எழுதி வாங்க வேண்டியதில்லை, வரைந்த அன்றைக்கே உங்களுடையதாகிவிட்டது என்றாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகைக்குக் கம்பு ஊன்றுகிற இடத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

திருவிழாவுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். மயில் விரிந்தது, அம்மன் வந்தாள். வெள்ளை விளக்கு நடுங்கவில்லை. கீழே எழுத்து ஓட ஆரம்பித்தது. என் பெயர், அகரம். அடுத்துத் திருத்தம் செய்தவர் என்று கடைக்காரர் பெயர், திண்டுக்கல். நிபந்தனைகள். தலைவர் விரும்பிக் கேட்டுக்கொண்டதால் இந்த முறை உத்தரவாதம் கிடையாது என்பதும் ஓடியது. கூட்டம் அதற்குக் கை தட்டியது. அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். பலகை ஒரு நொடி இருட்டாகி, மறுபடி ஓடியது. மயில் வரைந்தவர் என்று வந்து, அண்ணனின் பெயர் வந்தது. செம்பட்டி. யாரும் எடுத்துக்கலாம், பேரை மட்டும் எடுக்கக் கூடாது.

எழுத்து சரியாக இருக்கிறதா என்று அவர் என்னிடம் கேட்டார். இருக்கிறது அண்ணே என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. அவர் மனைவி போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மயில் போய் அம்மன் வந்த பிறகும் நிறுத்தவில்லை, அந்தப் பெயர் மறுபடி வரும்வரை.